எது விதி, எது வதந்தி? தேடுபொறி பற்றி மும்பை வாசகர்களின் கேள்விகள்

கடையையோ கலையையோ சமையலையோ இணையத்தில் வைத்திருக்கும் வாசகர்கள், தேடுபொறியில் தங்கள் தளம் மேலே வருவதற்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேட்டு எழுதிய கடிதங்களில் ஏழினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். நீண்ட கடிதங்கள் பொருள் மாறாமல் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: தாராவி 90 அடிச் சாலையில் தோல்பைக் கடை வைத்திருக்கிறேன். இணையதளம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 'லெதர் பேக் மும்பை' என்ற சொல் ஒவ்வொரு பக்கத்திலும் நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வர வேண்டும், மெட்டா கீவேர்டு என்ற இடத்தில் 50 சொற்களை நிரப்ப வேண்டும் என்கிறான் என் மைத்துனர் மகன். எங்களை அணுகிய ஓர் ஏஜென்சியோ, மாதம் 500 பேக்லிங்க்கும் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) நாளொன்றுக்கு 1,500 சொற்களில் ஒரு கட்டுரையும் இருந்தால்தான் மேலே வர முடியும் என்கிறது. இரண்டு தரப்புமே தாங்கள் சொல்வதுதான் 'பெஸ்ட் ப்ராக்டிஸ்' என்கின்றன. யாரை நம்புவது?

பதில்: இருவரையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. தேடுபொறியில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர்; அந்த உலகில் ஓர் அறிவுரை காதில் விழுந்தவுடன் மூன்று செய்திகளை விசாரிக்க வேண்டும்: இதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில் சொன்னார், என் தளத்தின் பதிவுகளை வைத்து இதை நானே சரிபார்க்க முடியுமா. இந்த மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை; ஆனால் இந்தத் துறையில் தவறான அறிவுரைகளில் பாதி, ஒரு காலத்தில் சரியாக இருந்து காலாவதியான அறிவுரைகள்தாம்.

உங்கள் மைத்துனர் மகன் சொல்லும் மெட்டா கீவேர்டு, அதாவது வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் நிரலுக்குள் இருக்கும் சொற்பட்டியல், அதற்கு நல்ல சான்று. 1990-களின் தேடுபொறிகள் சில, பக்கத்தின் உரிமையாளர் அந்த இடத்தில் எழுதிவைத்த சொற்களை உண்மையாகவே கணக்கில் எடுத்துக்கொண்டன. எல்லோரும் பொருத்தமில்லாத சொற்களையெல்லாம் அதில் திணிக்கத் தொடங்கியதும் அதன் மதிப்பு போயிற்று. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. நூற்றுக்கு இரண்டு என்ற கணக்குக்கு அந்த நிறுவனத்தின் எந்த வழிகாட்டியிலும் ஆதாரம் கிடையாது. மாறாக, ஒரே சொல்லை இயல்புக்கு மீறித் திரும்பத் திரும்பப் போடுவதை அது தன் ஸ்பேம் கொள்கையில், அதாவது ஏமாற்று வேலைகளுக்கு எதிரான விதிகளில், குற்றமாகவே பட்டியலிட்டிருக்கிறது. கட்டுரைக்கு இத்தனை சொற்கள் இருந்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை. ஒரு பையின் அளவு, தோலின் வகை, தையல், விலை, பழுதானால் மாற்றித் தரும் முறை ஆகியவற்றை 200 சொற்களில் தெளிவாகச் சொல்லிவிட முடியுமென்றால், அந்த 200 போதும்.

பேக்லிங்க் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த பெரிய சரக்கே பேஜ்ரேங்க்தான்: ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள், எவ்வளவு மதிப்புள்ள பக்கங்கள், சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பைக் கணிக்கும் முறை. ஆகவே பிற தளங்களின் இணைப்புக்கு இன்றும் பொருள் உண்டு. ஆனால் விலைக்கு வாங்கிய இணைப்புகள் போன்ற தந்திரங்களைக் கண்டுபிடித்துத் தள்ளுவதற்கென்றே 2012 ஏப்ரலில் கூகுளின் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. அன்று அடிபட்ட தளங்களில் பல, மாதம் இத்தனை லிங்க் என்று ஒப்பந்தம் போட்டவைதாம். விளம்பரத்துக்காகப் பணம் கொடுத்து இணைப்புப் பெறுவது தவறன்று. அந்த இணைப்பில் அது விளம்பரம் என்பதைத் தெரிவிக்கும் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறி இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதம் 500 தருவதாகச் சொல்பவர் அந்தக் குறியைப் போட மாட்டார், போட்டால் அவருக்கு விற்பனை இல்லை. உங்களைப் போன்றவருக்கு மதிப்புள்ள இணைப்பு எது என்றால், கருத்தரங்குக்குப் பை வாங்கிய கல்லூரி தன் பக்கத்தில் உங்கள் கடையைக் குறிப்பிடுவதும், தாராவித் தோல் தொழிலைப் பற்றி எழுதும் நாளிதழ் உங்கள் பட்டறையைச் சுட்டுவதும்தான். ஆண்டுக்கு ஐந்து கிடைத்தாலும் நல்லது.

இவ்வளவு சொல்லிவிட்டதால், கூகுள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேடுபவர்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்பது தரவரிசையில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்ற கேள்விக்கு அந்த நிறுவனத்தின் பேச்சாளர்கள் பல ஆண்டுகள் பிடிகொடுக்காமலே பேசி வந்தார்கள். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், கூகுளின் தேடல் பிரிவுத் துணைத் தலைவராக இருந்த பாண்டு நாயக் 2023-இல் சாட்சி சொன்னபோதுதான், நாவ்பூஸ்ட் என்ற அமைப்பு 13 மாதச் சொடுக்குப் பதிவுகளைப் பயன்படுத்துகிறது என்பது நீதிமன்றப் பதிவில் ஏறியது. அதனால்தான் மூன்றாவது கேள்வியை வைத்தேன். கூகுள் சர்ச் கன்சோல் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை 16 மாதங்கள் வரை அது காட்டும். ஒரு மாற்றத்தைச் செய்தால், தேதியைக் குறித்துவைத்து, முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மழைக்காலத்தில் குறைவதும் தீபாவளிப் பரிசுப் பருவத்தில் கூடுவதும் எஸ்.இ.ஓ.வால் நிகழ்வன அல்ல.

நீங்கள் அனுப்பிய முகவரியில் தளத்தைப் பார்த்தேன். ஏஜென்சியைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது அங்கேயே கிடக்கிறது. முதல் பக்கத்தின் தலைப்பு 'ஹோம்' என்றும், லேப்டாப் பைப் பக்கத்தின் தலைப்பு 'ப்ராடக்ட் 14' என்றும் இருக்கின்றன. அளவும் விலையும் தோலின் வகையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காகச் செய்த போஸ்டர் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் எழுத்தாக ஒரு வரி கூட இல்லை. தேடுபொறிக்கு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட வெற்றுத் தாள். 'எருமைத்தோல் லேப்டாப் பை, 15 அங்குலம், தாராவி' என்ற பொருள்படும் தலைப்பை உங்கள் வாடிக்கையாளர் பேசும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வையுங்கள். போஸ்டரில் உள்ளதை எழுத்தாகக் கீழே தாருங்கள். படத்துக்கு அது எதன் படம் என்று ஒரு வரி மாற்றுரை (ஆல்ட் டெக்ஸ்ட்) கொடுங்கள். 40 பைகளுக்கும் இதைச் செய்து முடிக்க ஒரு வாரம் போதும்.

கேள்வி: டோம்பிவிலியில் வசிக்கும் இல்லத்தரசி நான். 2004 முதல் தமிழில் சமையல் குறிப்புகளை இணையத்தில் எழுதி வருகிறேன். தமிழில் எழுதினால் கூகுளில் மேலே வராது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுங்கள் என்கிறார்கள் தோழிகள். பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்பதும் தெரியவில்லை. என் தொடக்க காலக் குறிப்புகள் தேடலில் வருவதே இல்லை.

பதில்: அம்மா, கடைசி வரியில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருப்பதுதான் இந்தக் கடிதத்தின் முதன்மையான செய்தி. 2004-இல் தமிழில் எழுதியவர்களில் பலர் திஸ்கி, டாப், பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் எழுதினார்கள். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். தேடுபொறியிடம் அந்த எழுத்துரு கிடையாது, ஆகவே உங்கள் ரசத்தை அது வெறும் கிறுக்கலாகவே படித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றிய பிறகு ஒவ்வொரு குறிப்பையும் கண்ணால் படித்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் பழைய முறைகள் பலவற்றில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்பட்டது. ஒருங்குறியிலோ அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. இந்த இடமாற்றத்தில் கருவி தடுமாறினால் 'கொத்தமல்லி' என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் எழுதினால் பின்னுக்குத் தள்ளப்படும் என்பது வதந்தி. தமிழில் தேடுபவருக்குத் தமிழ்ப் பக்கம்தான் காட்டப்படும், அங்கே போட்டியும் குறைவு. ஆனால் உங்கள் தோழிகள் சொல்வதற்குப் பின்னால் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை வைத்திருந்தும் அவசரத்துக்கு ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் நிறையப் பேர். குழம்பின் ழகரத்தை ஒருவர் 'இசட், ஹெச்' என்று தட்டுவார், இன்னொருவர் ஒற்றை 'எல்' போதும் என்பார். தமிழிலேயே தட்டுபவர்களும் ஒரே மாதிரி தட்டுவதில்லை: வத்தக்குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு என்று மூன்று உருவங்கள் எளிதாகக் கிடைக்கும். இதற்காக ஒரே குறிப்பை மூன்று பக்கங்களாக எழுதிவிடாதீர்கள், தேடலில் ஒன்றன் இடத்தை மற்றொன்று தின்னும். தலைப்பில் உங்கள் வீட்டில் சொல்லும் பெயரை வைத்து, முதல் பத்தியில் 'நாங்கள் வத்தக்குழம்பு என்போம், தஞ்சாவூர் அத்தை வற்றல் குழம்பு என்றுதான் எழுதுவார்' என்பதுபோல் இயல்பாக மற்ற உருவத்தையும், ஓரிடத்தில் ஆங்கில எழுத்திலான பெயரையும் தந்துவிட்டால் போதும். எந்த உருவத்தைத் தேடி எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை மேலே சொன்ன சர்ச் கன்சோலே காட்டிவிடும், நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பை முழுமையாக ஆங்கிலத்திலும் எழுத விரும்பினால், அதைத் தனி முகவரியில் தனிப் பக்கமாக வைத்து, இரண்டும் ஒன்றன் மொழிமாற்று மற்றொன்று என்பதை ஹ்ரெஃப்லாங் என்ற குறியால் தெரிவிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் மேலே தமிழும் கீழே ஆங்கிலமுமாகக் கலந்து வைப்பது இருதரப்பு வாசகரையும் சலிப்படையச் செய்யும்.

முகவரியைப் பொறுத்தவரை, தமிழ்ச் சொற்களை வைப்பதற்குத் தடையில்லை. வாசகரின் மொழியில் முகவரி இருக்கலாம் என்றே கூகுளும் சொல்கிறது. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. 'இட்லி' என்ற சொல்லுக்கு ஒருங்குறியில் ஐந்து குறிகள்: இ, ட, புள்ளி, ல, இகரக் கொக்கி. முகவரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு கூடிய ஒன்பது எழுத்துகளாக விரியக்கூடும். அதாவது இட்லி 45 எழுத்துகள் ஆகிவிடும். 'செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம்' என்று வைத்தால் வாட்ஸ்அப் குழுவில் அது ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்ளும், பெறுகிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தொடாமல் விடுவார். இது தரவரிசைப் பிரச்சினை அன்று, மனிதர்களின் பிரச்சினை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்வேன், மற்றதெல்லாம் தமிழில். ஏற்கெனவே உள்ள முகவரிகளை இதற்காக மாற்ற வேண்டாம். புதியவற்றுக்கு மட்டும் போதும்.

கேள்வி: முலுண்டில் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் 60 நாளில் கூகுளின் முதல் இடம் உத்தரவாதம் என்று எழுதித் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதை எஸ்.இ.ஓ. ஆலோசகரை அமர்த்துவோருக்கான தன் குறிப்பிலேயே கூகுள் எழுதியிருக்கிறது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பதும் அதே குறிப்பில் உள்ளது. உத்தரவாதம் தருபவர்கள் அதை நிறைவேற்றிக் காட்டும் வழியும் எளிது: உங்கள் அலுவலகத்தின் பெயரையே தேடச் செய்து 'பாருங்கள், முதலிடம்' என்பார்கள், அல்லது யாருமே தேடாத ஏழு சொல் தொடரைக் கொண்டுவருவார்கள். யாரை அமர்த்தினாலும் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில் பதிவாகி இருக்கட்டும், சர்ச் கன்சோலில் உரிமையாளர் நீங்களாகவே இருங்கள், என்ன மாற்றம் செய்தார் என்பதை மாதாமாதம் எழுத்தில் கேளுங்கள். தணிக்கையாளருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

கேள்வி: செம்பூரில் கர்நாடக இசை கற்பிக்கிறேன். என் மாணவியின் கணவர், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு 'முலுண்டில் கர்நாடக இசை வகுப்பு', 'தாணேயில் கர்நாடக இசை வகுப்பு' என்று 60 பகுதிகளுக்கு 60 பக்கங்கள் ஒரே இரவில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். மறுக்க மனம் வரவில்லை. போடலாமா?

பதில்: அன்போடு மறுத்துவிடுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் போட்டு, எந்த வாசல் வழியாக வந்தாலும் ஒரே அறைக்குக் கொண்டுவரும் பக்கங்களுக்கு 'டோர்வே' பக்கங்கள் என்று பெயர். இது பழைய தந்திரம். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தையே கூகுள் இதற்காகத் தன் பட்டியலிலிருந்து தற்காலிகமாக நீக்கியது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாலேயே ஒரு பக்கம் தள்ளப்படுவதில்லை. எப்படி உருவானது என்பதைவிடத் தரமே பார்க்கப்படும் என்று 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனம் விளக்கியது. ஆனால் வாசகருக்குப் பயன் தராமல் தரவரிசைக்காகவே பக்கங்களைக் குவிப்பது, மனிதர் எழுதினாலும் எந்திரம் எழுதினாலும், 2024 மார்ச்சில் வந்த ஸ்பேம் கொள்கைப்படி குற்றம்.

உங்களைத் தேடி வரும் பெற்றோர் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன? ஸரளி வரிசையிலிருந்து தொடங்குவீர்களா, வர்ணம் வரை வந்த பிள்ளையை ஏற்பீர்களா, வகுப்பு எந்தக் கிழமை, குழுவாகவா தனியாகவா, ஆன்லைனில் உண்டா, கட்டணம் எவ்வளவு, உங்கள் குரு யார். கடைசியில் சொன்னதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். எழுதியவருக்கு அந்தத் துறையில் நேரடி அனுபவம் உண்டா என்பதை தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்க்க அமர்த்தும் மதிப்பீட்டாளர்களுக்கான தன் கையேட்டில் கூகுள் 2022 டிசம்பரில் சேர்த்தது. இசையாசிரியருக்கு அதைக் காட்டுவதற்கு குருபரம்பரையைவிடச் சிறந்த வழி இல்லை. நெருலில் சனிக்கிழமைகளில் உண்மையாகவே வகுப்பு எடுப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் ஒரு தனிப் பக்கம், அந்த இடத்தின் முகவரி, நேரம், அங்கு பயிலும் பிள்ளைகள் நவராத்திரியில் பாடிய காணொளி ஆகியவற்றோடு, இருக்கலாம். அது டோர்வே ஆகாது.

கேள்வி: மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறேன். கூகுள் மேப்பில் எங்கள் பெயரோடு 'பெஸ்ட் சவுத் இந்தியன் கேட்டரர் மும்பை' என்று சேர்க்கச் சொல்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் போடுபவர்களுக்கு அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவதும் நல்ல வழி என்கிறார்கள்.

பதில்: இரண்டும் தவறு. மேப்பில் உங்கள் தொழிலைக் காட்டும் பதிவான பிசினஸ் ப்ரொஃபைலில் பெயர் என்பது உங்கள் போர்டில் எழுதியிருக்கும் பெயர்தான். கூடுதல் சொற்களைச் சேர்த்தால் எதிர்க்கடைக்காரர் ஒரு புகார் கொடுத்தாலே பெயர் திருத்தப்படும், சில நேரங்களில் பதிவே முடக்கப்படும். முகூர்த்த மாதத்தில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பணமோ தள்ளுபடியோ கொடுத்து மதிப்புரை பெறுவதும் தடைசெய்யப்பட்டது. கேட்பதற்கு மட்டும் தடையில்லை. பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றும் நேரத்தில் பெண் வீட்டாரிடம் 'மனத்தில் பட்டதை எழுதுங்கள்' என்று இணைப்பை அனுப்புங்கள், குறை எழுதியவருக்கும் பணிவாகப் பதில் எழுதுங்கள்.

மேப்பில் இடம் கிடைப்பது மூன்றைப் பொறுத்தது என்று கூகுளே சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தொலைவு, உங்களுக்கு உள்ள பிரபலம். தொலைவை நீங்கள் மாற்ற முடியாது. போரிவிலியில் இருந்து தேடுபவருக்குப் போரிவிலிக்காரர்தான் முதலில் தெரிவார். பொருத்தத்தை மாற்றலாம்: வகையில் 'ரெஸ்டாரண்ட்' என்று வைத்திருப்பதை 'கேட்டரர்' என்று திருத்துங்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்வதால் முகவரியை மறைத்துவிட்டு, சேவை தரும் பகுதிகளை 20 வரை குறிப்பிட வழி உண்டு.

கேள்வி: வாஷியில் ஒரு நிறுவனத்தில் தளத்தைப் பராமரிக்கிறேன். தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு சோதனையில் எங்களுக்கு 71 மதிப்பெண். 100 வரும்வரை வேறு வேலை செய்யாதே என்கிறார் மேலாளர்.

பதில்: 100 என்பது சோதனைக்கூட மதிப்பெண், தேர்ச்சி என்பது வேறிடத்தில் இருக்கிறது. உண்மையான பயனர்களின் குரோம் உலாவியிலிருந்து கிடைக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகள்தாம் தரவரிசைக்குக் கணக்கில் வருகின்றன. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் பதில் வர வேண்டும், இந்த அளவு 2024 மார்ச் முதல்தான் நடப்பில் உள்ளது. படிக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. வருகைகளில் நான்கில் மூன்று பங்குக்கு இவை நிறைவேறினால் நல்லது என்று பொருள். இந்த எல்லைக்குள் வந்த பிறகு 71-ஐ 100 ஆக்குவதால் நீங்கள் முன்னேற மாட்டீர்கள். அந்த நேரத்தைப் பக்கங்களின் உள்ளடக்கத்தில் செலவிடலாம். உங்கள் மேலாளரிடம் இதை எண்களைக் காட்டி விளக்குவதைவிட, மாலை நேர லோக்கல் ரயிலில், குர்லாவுக்கும் வாஷிக்கும் இடையில், அவருடைய கைப்பேசியிலேயே தளத்தைத் திறந்து காட்டுவது எளிது. முகப்பில் இருக்கும் 4 எம்.பி. பேனர் படம் இறங்குவதற்குள் மான்கூர்டு வந்துவிடும். முதலில் அதைச் சுருக்குங்கள்.

கேள்வி: சயனில் புத்தகக் கடை வைத்திருக்கிறோம். புதிய வடிவமைப்புக்கு மாறிய இரண்டு வாரத்தில் கூகுளில் எங்கள் தளமே இல்லை. தண்டிக்கப்பட்டுவிட்டோமா? யாரிடம் முறையிடுவது?

பதில்: பெரும்பாலும் தண்டனை எதுவும் இருக்காது. அப்படி ஒன்று நேரடியாக விதிக்கப்பட்டிருந்தால் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அது காலியாக இருந்தால், தவறு நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. எனக்கு இது நேர்ந்திருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். தளம் அமைக்கப் பயன்படும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் என்ற பக்கத்தின் அடியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் உண்டு. தளம் உருவாகிக்கொண்டிருக்கும்போது அதில் டிக் அடித்து வைப்பது நல்ல வழக்கம். நானும் அடித்து வைத்தேன், வேலை முடிந்ததும் எடுக்க மறந்தேன். ஐந்து வாரங்கள் சர்வரைக் குறை சொன்னேன், வடிவமைத்த பையனைக் குறை சொன்னேன், ஒரு நாள் முழுவதும் கூகுளைத் திட்டினேன். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தபோது மேலேயே 'நோஇண்டெக்ஸ்' என்று எழுதியிருந்தது. நீங்களும் முதலில் அதைப் பாருங்கள்.

அது இல்லையென்றால் அடுத்தது ரோபாட்ஸ் கோப்பு. அது தேடுபொறியின் எந்திரம் எங்கே நுழையலாம் என்பதை மட்டும் சொல்கிறது; நோஇண்டெக்ஸ் என்பதோ பட்டியலில் சேர்க்காதே என்று சொல்கிறது. இரண்டும் ஒன்று என்று எண்ணுவது இந்தத் துறையில் பல ஆண்டுகள் பழகியவர்களிடமும் காணப்படும் குழப்பம். ரோபாட்ஸ் கோப்பில் தடுத்த பக்கத்துக்குள் எந்திரம் நுழையாததால், உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸை அது பார்க்கவே பார்க்காது. ஆகவே மறைக்க நினைத்த பக்கம், வேறெங்கோ உள்ள ஓர் இணைப்பின் வழியாக, வெறும் முகவரியாகத் தேடலில் வந்து நிற்கவும் கூடும்.

மூன்றாவதாக, பழைய முகவரிகள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இதுதான் காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறேன், ஏனெனில் பழைய தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் எண்ணால் ஆன முகவரி இருந்ததாகவும் புதியதில் நூலின் பெயரால் ஆனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பழைய முகவரிக்குப் போகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 என்ற ஏற்பாட்டை வடிவமைப்பாளர் செய்யவில்லையென்றால், கூகுளைப் பொறுத்தவரை உங்கள் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, அடுத்த தெருவில் பெயரே தெரியாத ஒரு கடை திறந்திருக்கிறது. எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது தீர்வாகாது. ஒவ்வொரு நூலின் பழைய பக்கமும் அதே நூலின் புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். பழைய முகவரிகளின் பட்டியல் கையில் இல்லை என்று கவலைப்படாதீர்கள். சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் கால அளவைப் பழைய மாதங்களுக்கு மாற்றி, பக்கங்கள் என்ற பகுதியைப் பதிவிறக்கினால், சொடுக்குகள் அதிகம் வந்த வரிசையில் 1,000 முகவரிகள் வரை விரிதாளாகக் கிடைக்கும். அந்த விரிதாளின் அடுத்த நெடுவரிசையில் புதிய முகவரியை எழுதி வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். மேலே உள்ள 50 நூல்களை இன்றைக்கே திருப்பச் சொல்லுங்கள், மற்றவை இந்த வாரத்துக்குள் முடியட்டும். அந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டுக்கு எடுக்கக் கூடாது என்பதையும், சர்வர் மாற்றும்போது அவற்றைக் கூடவே கொண்டுபோக வேண்டும் என்பதையும் அந்த விரிதாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.